நாற்பத்தேழு பதினாறு

வண்டிக்குள் இருந்தவரைக்கும் வீடாக இருந்தது, மண்ணில் இறக்கி வைத்ததும் வெறும் சாமானாகப் போய்விட்டது. ஒற்றை அடுப்பு, சின்ன சிலிண்டர், சுருட்டிக் கட்டிய மெத்தை, குக்கர், கொசுவலை, தண்ணீர் கேன், துணி மூட்டை. இதை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தின் ஓரம், புங்க மரத்து நிழலில், சாமானுக்குக் காவலாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்துகிறேன். மெத்தையை இழுக்க முடியவில்லை, அது வெயிலிலேயே கிடக்கட்டும், மூட்டைப்பூச்சி இருந்தால் சாகும். டீக்கடைக்காரப் பெண் டம்ளரை நீட்டிக்கொண்டே, "வீட்டக் காலி பண்ணிட்டீங்களாக்கா?" என்றாள். "இல்ல கண்ணு, வீட்டுக்கு எஃப்.சி. காட்ட வந்திருக்கறோம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. புருஷன் துரத்திவிட்ட கேஸ் என்று நினைத்திருப்பாள், டீயில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. நான் சொன்னது என்னவோ நிஜம்தான். எங்கள் வேன் ஒன்பது சீட்டு வேன் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. பதினைந்து வருஷம் முடிந்தால் சொந்த வண்டியை மறுபடி பதிய வேண்டும், பதிய வேண்டுமென்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும், பார்க்கும்போது வண்டி புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். கட்டிலும் அடுப்பும் புத்தகத்தில் இல்லை. நானும் இல்லை. அதனால்தான் நாங்கள் எல்லோரும் மரத்தடியில் இருக்கிறோம், என் வீட்டுக்காரர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்.

பழைய சீட்டுகளை இத்தனை நாளும் கொழுந்தனார் சாமியப்பன் வீட்டு மாட்டுச் சாளையில் போட்டு வைத்திருந்தோம். நேற்றுப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கோழி, ஜன்னலோரச் சீட்டில் சேவல். எருமைக்குப் போடுகிற பிண்ணாக்கு வாசனை ரெக்ஸினில் ஏறி, சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வீட்டுக்காரர் ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கி சீட்டுகளைப் பொருத்தினார், நான் கீழே இருந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். கடைசி சீட்டும் ஏறியதும் உள்ளே எட்டிப் பார்த்தேன். அப்படியே பழைய வேன். மூன்றாவது வரிசை, இடது ஓரம், அங்கேதான் பையன் உட்காருவான், காலை மடக்கி முன்சீட்டில் முட்டுக் கொடுத்துக்கொண்டு. பார்க்காமல் இறங்கியிருக்கலாம். இப்போது வரிசை ஒரு வண்டி தள்ளி முன்னே நகர்கிறது. அவர் இறங்கிவிட்டார், ஏன் இறங்குகிறார், ஓ, துடைக்க. இடுப்பில் சொருகியிருக்கும் துணியை எடுத்து முன் நெம்பர் பிளேட்டைத் துடைக்கிறார். தினமும் காலையில் இதே பிழைப்பு. கண்ணாடி மண் அப்பிக் கிடந்தாலும் கிடக்கும், பல் விளக்குகிறாரோ இல்லையோ, முதலில் முன் நெம்பர், அப்புறம் பின் நெம்பர். இந்த அக்கறையில் கால்வாசியை என் முட்டிக்குத் தைலம் தேய்ப்பதில் காட்டலாம். செம்புக் கம்பி சுற்றி மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்து ஆயுசு முழுக்க போர்வெல் மோட்டாரோடு மல்லுக்கட்டியவர், மனுஷரைவிட இரும்பிடம்தான் பிரியம். மோட்டாரை ஓட்டிப் பார்த்துப் பார்த்து காதும் மந்தம். நாச்சிமுத்து அண்ணனிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் ஊருக்கே சொல்ல வேண்டும் என்பார் கொழுந்தனார். எனக்கு அதுவும் ஒரு வசதியாகப் போயிற்று, வேனுக்குள்ளேயே போன் பேசலாம், குரலைக் கொஞ்சம் தணித்தால் போதும்.

தேறாமல் போய்விட்டால். அதைத்தான் காலையிலிருந்து தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். சாமியப்பன் நேற்றே சொல்லிவிட்டார், "ஏனுங்ண்ணா, இந்த ஓட்டையோட எதுக்கு மாரடிக்கறீங்க, தூக்கி இரும்புக்குப் போட்டுட்டு நல்ல வண்டியா ஒண்ணு எடுங்க, ஏ.சி. வெச்சது, அண்ணியும் சித்தெ சொகமா வருவாங்க." அண்ணியின் சுகத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் நேற்றுத்தான் கவலைப்பட்டார். இவர் என்ன சொன்னார், "பாக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல் ராத்திரி முழுக்க என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பார்க்கலாமா, என்னத்தைப் பார்க்கலாம். வண்டி மாறட்டும், எனக்கென்ன, ஏ.சி. எனக்கு மட்டும் கசக்குமா. நெம்பர் மாறிவிடுமே. நாற்பத்தேழு பதினாறு. அதை எப்படி இவரிடம் சொல்வது. சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொன்னால் பூபதியின் பெயரைச் சொல்ல வேண்டி வரும், அந்தப் பெயரை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான். மற்றபடி அது எங்களுக்கு முன்னால்தான் இருக்கிறது, முன் கண்ணாடியில், மேலே, சிவப்பு எழுத்தில். வண்டி எடுத்த அன்றைக்கே எழுதினது, யார்தான் பிள்ளை பெயரை வண்டியில் எழுதாமல் இருக்கிறார்கள். ரோட்டில் எதிரே வருகிறவர்களுக்கு அது பூபதி. உள்ளே உட்கார்ந்திருக்கிற எனக்குத் திரும்பிக்கொண்டு தெரியும், எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு. இத்தனை ஊரை அந்தத் திரும்பின எழுத்துக்கு அடியில்தான் பார்த்திருக்கிறேன்.

நெம்பர் என்றால் அவனுக்கு உயிர். வண்டி வந்த அன்றைக்கு பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து முதலில் நெம்பரைத்தான் படித்தான், நாலையும் ஏழையும் கூட்டினால் பதினொன்று, ஒன்றையும் ஆறையும் கூட்டினால் ஏழு, என்னென்னவோ கணக்குப் போட்டு இது நல்ல நெம்பர் அம்மா என்றான். சைக்கிள் பூட்டுக்கு அதே நெம்பர், போனுக்கு அதே நெம்பர். டவுனுக்குள் எத்தனை வேன் நின்றாலும் தூரத்திலிருந்தே, "ம்மா, நம்மது" என்பான். இந்த வண்டியில்தான் ஓட்டப் பழகினான், இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "கிளட்ச்ச விடுடா, கிளட்ச்ச விடுடா" என்று தொண்டை கிழியக் கத்துவார். அப்பன் கத்தினால் சிரிக்கிற பிள்ளைதான் அவன். வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. இன்ஜினீயரிங் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, லாரிக்கு டிரைவராகப் போகிறேன் என்றான். சோற்றுக்கு முன்னால் பேசக் கூடாது என்று தெரியாத மனுஷர், "போ, டிரைவராப் போ, உன்னப் பெத்ததுக்கு அதுதான் பாக்கி, போனா இந்த வாசப்படி ஏறாத" என்றார். அவன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான். ரசம் சாதம். கையில் பருக்கை ஒட்டியிருந்தது, அப்படியே செருப்பை மாட்டினான். அந்தக் கையை எங்கே கழுவியிருப்பான் என்று இன்றைக்கும் எந்தக் குழாயைப் பார்த்தாலும் எனக்குத் தோன்றும். டீக்கடை வாசலில் இருக்கிற அந்தக் குழாயைப் பார்த்தாலும்.

லாரி ஓட்டுகிறான் என்று மட்டும் தெரியும். பல்லாரிப் பக்கம் பார்த்ததாக ஒருத்தர், கொல்லாப்பூரில் டயர் மாற்றிக்கொண்டிருந்ததாக இன்னொருத்தர், எல்லாம் வாய்ச்செய்தி, போய்ப் பார்த்தால் யாரோ. ரோட்டில் பிழைக்கிறவனை வீட்டில் உட்கார்ந்துகொண்டு பார்க்க முடியுமா. வாசற்படி ஏறமாட்டான், அப்பன் ரோஷம் பிள்ளைக்கும் உண்டு, எதிரும் புதிருமாக எங்கேயாவது மாட்டினால்தான். அதனால்தான் இவர் கடையை மூடியதும் நானே பேச்செடுத்தேன், ஏனுங்க, வயசான காலத்தில் கோயில் குளம் என்று கொஞ்ச நாள் போகலாமா, வேன் சும்மாதானே நிற்கிறது. மறுவார்த்தை பேசவில்லை மனுஷர். சீட்டைக் கழற்றினார், கட்டில் போட்டார், வீட்டை வாடகைக்கு விட்டார். இரும்புப் பைத்தியம், ஓட்டக் கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் எனக்கு வேலை கோயில் தேடுவதுதான். பல்லாரி என்றால் பல்லாரியில் ஒரு சாமி, கொல்லாப்பூர் என்றால் மகாலட்சுமி, நல்லவேளையாக அங்கே தாயாரே இருந்தாள். எத்தனை மலை, எத்தனை படி, முட்டி இரண்டும் தேய்ந்து, சாமியிடம் போய் நின்றால் சாமிக்கும் தெரியும் நான் வாசலில் நிற்கிற லாரிகளைத்தான் பார்க்கிறேன் என்று. போன வாரம் பூபதியோடு படித்த பையனின் அம்மா போன் பண்ணினாள், அக்கா, எங்க பையன் தாவணகெரே பைபாஸ்ல ஒரு லாரியில உங்க பூபதி மாதிரியே பார்த்தானாம். மாதிரியே. எனக்கு மாதிரி போதும். ஆனால் தாவணகெரேயில் என்ன கோயில் இருக்கிறது, யாரைக் கேட்டாலும் தெரியவில்லை, வெண்ணெய் போட்டுச் சுடுகிற பென்னேதோசை நன்றாக இருக்கும் என்கிறார்கள். தோசை தின்ன அவ்வளவு தூரம் போகலாம் என்று இவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது. ஒரு வாரமாக ஒரு சாமியும் அகப்படவில்லை, அதற்குள் இந்த எஃப்.சி. வந்து நிற்கிறது.

புது வண்டி, புது நெம்பர். நினைத்துப் பார்க்கிறேன், பார்க்கக் கூடாது, ஆனாலும் வருகிறது. ஏதோ ஒரு பைபாஸ், சாயங்காலம், எதிரே லாரி, அவன்தான், தாடி வைத்திருக்கிறான். எங்கள் வண்டி வெள்ளையாக, ஏ.சி. போட்டு, கண்ணாடியெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறது. அவன் கண் நெம்பரைப் பார்க்கிறது, யாரோ என்று நினைக்கிறது, லாரி போய்விடுகிறது. நானும் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன், குளுகுளுவென்று. இதற்கு நான் வீட்டிலேயே கிடந்து சாகலாம். போன வருஷம் கர்நாடகத்தில் ஒரு போலீஸ்காரர் மடக்கினார், ஒரே மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் அந்த மாநிலத்து நெம்பர் வாங்கியாக வேண்டும், எவ்வளவு நாளாக இருக்கிறீர்கள் என்றார். எங்களுக்கு வருஷம் முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. எங்கே நிறுத்தினாலும் வேர் பிடித்து நிற்கிற மனுஷர், அன்றைக்கு வைத்த சோற்றைக்கூட முழுசாகத் தின்னாமல் வண்டியை எடுத்து ஆந்திரா எல்லைக்கு ஓட்டினார். எல்லை தாண்டியதற்குச் சாட்சியாக டோல்கேட் ரசீதை நாலாக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். வரிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன், எனக்கு நிம்மதிதான். வண்டிக்கு இருக்கிற சட்டம் பிள்ளைக்கும் இருந்தால் தேவலை என்றுகூட நினைத்தேன், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்காதே, சொந்த ஊருக்குப் போய் முகத்தைக் காட்டு. அவன் எந்த ஊர்க்காரனாக ஆகிப்போனானோ. கன்னடம் பேசுவானோ, மராட்டியோ. ரசம் என்று கேட்டால் கொடுக்க அங்கே யாராவது இருக்கிறார்களா. ஏழு வருஷம் என்பது பிள்ளையை மறக்கப் போதாது, முகத்தை மறக்கப் போதுமாம், போட்டோவைப் பார்க்காமல் கண்ணை மூடினால் காது எப்படி இருக்கும் என்று எனக்கு வரவில்லை. வரவில்லை. நெம்பர் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண்பிள்ளை, காக்கிச் சட்டை, தலையை இறுக்கிப் பின்னியிருக்கிறாள். பூபதி வயசு இருக்கும். வரிசை மரத்துக்குப் பக்கத்தில் வளைகிறது, அவள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது. லைட், ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர். வேகமாக ஓட்டிப் போய் பிரேக் அடிக்கச் சொன்னாள், வண்டி போட்ட இடத்தில் நின்றது, நான் இங்கே சிலிண்டரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஆள் குனிந்து சேஸிஸ் நெம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தான். அப்புறம் அவளே உள்ளே ஏறினாள், டார்ச் அடித்தாள். "ஐயா, ஃப்ளோர்ல நாலு ஓட்டை இருக்கே, என்ன போட்டிருந்தீங்க?" பொய் சொல்லுங்க, சாமி, ஒரே ஒரு தடவை, மோட்டார் ஏற்றினோம் என்று சொல்லுங்க. "கட்டிலுங்க" என்றார். பொய் சொல்லத் தெரியாத புருஷன் கிடைப்பது வரமாம், கிடைத்தவளைக் கேட்டால் தெரியும். அவள் திரும்பி மெத்தையைப் பார்த்தாள், குக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஏதோ கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளைப் போல முந்தானையைச் சரிசெய்தேன். "இதுலயா குடியிருக்கீங்க?" "ஆமாங்க." அவள் இறங்கி அடியில் குனிந்து பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். "படிக்கட்டுப் பக்கம் துரு தின்னிருக்கு. இந்த வயசுல இதை எதுக்குங்கய்யா இழுத்துக்கிட்டு அலையறீங்க? ஸ்கிராப்புக்குக் குடுத்துட்டு நல்லதா ஒண்ணு எடுங்க." முடிந்தது. இப்போது பார்க்கலாம் என்பார். அந்தச் சொல்லுக்காகக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. "எடுக்கலாமுங்க" என்றார் இவர். "இந்த நெம்பர் வராதுங்களே." "ஏன், ராசி நெம்பரா?" "ராசியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எங்க பையன் பூபதி எங்கியோ லாரி ஓட்டிக்கிட்டு இருக்கறான். அவனுக்கு இந்த நெம்பர்தான் தெரியுமுங்க."

பூபதி. அவர் வாயிலிருந்து. எனக்கு முதலில் வந்தது கோபம். பாவி மனுஷா, அப்போ தெரியுமா உனக்கு, தெரிந்துகொண்டேவா அத்தனை மலையிலும் என்னை ஏறவிட்டாய், என் முட்டி, என் இரண்டு முட்டியும். அப்புறம்தான் கண் நிறைந்தது, நிறைந்ததும் மைதானம், வண்டிகள், காக்கிச் சட்டை எல்லாம் கலங்கிப்போய், அவர் மட்டும் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார், தினமும் காலையில் நிற்கிற அதே நிலையில். அந்தப் பெண் முன் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். "கண்ணாடியில இருக்கறது அவர் பேரா?" "ஆமாங்க." "முன் கண்ணாடியில எழுத்து இருக்கக்கூடாதுங்கய்யா. எடுத்துடணும்." "பேர எடுத்தர்றனுங்க. நெம்பர் இருந்தாப் போதும்." அவள் கையிலிருந்த பேப்பரில் ஏதோ எழுதினாள். "பிரேக் நல்லாருக்கு. துருவை வெட்டியெடுத்து வெல்டிங் வச்சு, திங்கக்கிழமை கொண்டாங்க. சரியா இருந்தா இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் போட்டுத் தர்றேன். கட்டிலை மறைக்காதீங்க, அதைப் புக்ல ஏத்தறதுக்கும் முறை இருக்கு, அன்னைக்குச் சொல்றேன்." என் பக்கம் திரும்பி, "வரேங்கம்மா" என்றாள். அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள், அதில் ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது, அந்த ஆளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டியை மரத்தடிக்கு ஓட்டி வந்து நிறுத்தினார். டீக்கடைப் பெண்ணிடம் பிளேடு வாங்கி வந்து நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன். பம்பர்மேல் ஒரு காலை வைத்து ஏறி நின்றபோது எழுத்து நேராகத் தெரிந்தது. எத்தனை வருஷமாயிற்று இதை நேராகப் படித்து. கடைசி எழுத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தேன், பூ மட்டும் கொஞ்ச நேரம் நின்றது, அதையும் எடுத்தேன். சிவப்புத் தூள் கையெல்லாம், புடவையெல்லாம். அவர் கீழே நின்று என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார், விழுந்துவிடுவேனாம். "வசந்தா" என்றார். "ம்." "தாவணகெரேல ஒரு பிள்ளையார் கோயல் இருக்குதாமா." பிளேடு நின்றுவிட்டது. "உங்களுக்கு எப்புடிங்க..." "வேனுக்குள்ள பேசுனா கேக்காதா?" "காது மந்தம்னீங்க." "மோட்டார் சத்தத்துலதான் மந்தம்" என்றார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. நான் மூக்கை உறிஞ்சினேன். "பிள்ளையார் கோயல் இல்லாத ஊரு எதுங்க இருக்குது?" "அதுதான் சொல்றன். எந்த ஊருக்கு வேணும்னாலும் போலாம். இனிமே நீ கோயல் தேட வேண்டாம்" என்றார். என்னைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அப்புறம் குனிந்து, நெம்பர் பிளேட்டில் விழுந்திருந்த சிவப்புத் தூளைத் துடைத்தார், நாலு, ஏழு, ஒன்று, ஆறு, ஒவ்வொன்றாக. நான் கேனைத் திறந்து முந்தானையை நனைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனேன், பின் நெம்பரைத் துடைக்க.